பாஸ் மீனுக்கு விலாவுலயும் காது இருக்கு

அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காவ. அவிய தம்பி டெக்சாஸ்ல வேலை பாக்கான், லேக் ஃபோர்க்னு ஒரு பெரிய ஏரியில மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போற கைடுக்கு டாலர்ல சம்பளம் கொடுத்து பாஸ்னு ஒரு வேட்டை மீனப் பிடிக்கப் போயிருக்கான். முந்தின நாள் மழை, தண்ணி செம்மண் கரைசலா கிடந்திருக்கு, கைய முக்குனா விரல் தெரியல. கைடு தூண்டில்ல மாட்டுனது மண்புழுவும் இல்ல மைதா உருண்டையும் இல்ல, ஒரு வளைஞ்ச கம்பி, அதுல சுத்துற தகடு ஒண்ணு, கீழ ரப்பர் குஞ்சம், அவ்வளவுதான். வாசனையும் கிடையாது உயிரும் கிடையாது, அந்தக் கலங்கலுக்குள்ள மீன் அத எப்படிக் கண்டுபிடிச்சு வந்து கவ்வுச்சு, இல்ல தம்பி சொல்லுத மாதிரி அந்த கைடுக்கு நல்ல கைராசியான்னு கேள்வி.

கைராசி கதைய முதல்ல ஓரமா வச்சிருவோம். லேக் ஃபோர்க் 1980ல அணை கட்டித் தேக்குன ஏரி, சுமார் 27,000 ஏக்கர் தண்ணி. முங்கிப்போன மரங்க இன்னும் உள்ளுக்குள்ள நட்டமா நிக்கும், 1992ல எட்டு கிலோவுக்கு மேல ஒரு பாஸ் இங்க சிக்கி டெக்சாஸ் ரெக்கார்டாச்சு. இவ்வளவு பெரிய தண்ணியில மீன் எங்க நிக்கும்னு கைடு சொல்லுதது ஜோசியம் இல்ல. கோடையில மேல் தண்ணி சூடு, அடித் தண்ணி குளிர்ச்சி, ரெண்டும் கலக்காது, அடியில ஆக்சிஜன் கொறஞ்சிரும், அதனால மீன் நடு மட்டத்துல மர நிழல ஒட்டி நிக்கும். மிச்சத்த படகுல இருக்க சோனார், அதாவது சத்தத்த அனுப்பி எதிரொலிய வச்சுப் பாக்குற கருவி, காட்டிக் கொடுத்துரும். இதெல்லாம் ஸ்கூல்ல படிச்ச சங்கதிதான்.

நம்ம கேள்வி அதுக்கப்புறம் நடக்கிறது. மீன் இருக்க இடத்துல தகடு விழுந்தாச்சு, கண்ணு தெரியாது, மூக்குக்கு வேலை இல்ல, அப்ப மீனுக்கு எப்படித் தெரிஞ்சுது?

அடுத்த தடவ பாளையங்கோட்டை மார்க்கெட்டுல மீன் வாங்கும்போது கெண்டையோட பக்கவாட்டப் பாருங்க. செவுளுக்குப் பின்னால இருந்து வால் வரைக்கும் செதில் மேல புள்ளி புள்ளியா ஒரு கோடு ஓடும். சிலேபியில அந்தக் கோடு பாதியில அந்துபோயி, கொஞ்சம் கீழ இறங்கி மறுபடி தொடங்கும். இதுக்குப் பேரு பக்கக்கோடு. (பாஸ் மீன் உடம்புல கருப்பா பட்டையா ஒண்ணு தெரியும், அது வெறும் நிறம், அதப் பாத்து ஏமாறாதீங்க.) ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஓட்டை, ஓட்டைக்கு அடியில தோலுக்குள்ள ஒரு குழாய், அதுக்குள்ளயும் தண்ணி மாதிரி ஒரு திரவம், ரெண்டு ஓட்டைக்கு நடுவுல ஒரு உணர்வு மொட்டு. தலையிலயும் தாடையிலயும் இதே மாதிரி குழாய்ங்க உண்டு, தோலுக்கு மேலயே வெளிய நிக்கிற மொட்டுகளும் உண்டு.

எனக்கு உயிரியல்ல ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம் இந்த மொட்டுதான், அதனால கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க.

ஒரு மொட்டுக்குள்ள கொத்தா சில செல்லுங்க. ஒவ்வொரு செல்லு தலையிலயும் மைக்ராஸ்கோப்புல மட்டும் தெரியுற முடிங்க, படிக்கட்டு வரிசையில, ஒரு பக்கம் குட்டை, மறு பக்கம் நெட்டை. எல்லாத்துக்கும் மேல ஜெல்லி மாதிரி ஒரு தொப்பி. தண்ணி அசைஞ்சா, காத்துல நெல்லு சாயுற மாதிரி தொப்பி சாயும், கூடவே முடியும் சாயும். நெட்டை முடி பக்கமா சாஞ்சா செல்லுல இருக்க நுண்ணிய வாசல்ங்க திறந்து மின்னேத்தம் உள்ள பாயும், நரம்பு படபடன்னு சிக்னல் அனுப்பும், எதிர்ப் பக்கமா சாஞ்சா சிக்னல் கொறஞ்சிரும். கவனிக்க வேண்டியது என்னன்னா, ஒண்ணுமே நடக்காதப்பவும் நரம்பு சும்மா இருக்காது, ஒரு நிதானத்துல சிக்னல் போய்க்கிட்டேதான் இருக்கும், அதனால கூடுதலும் செய்திதான் கொறைச்சலும் செய்திதான். பக்கத்துப் பக்கத்துச் செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு எதிர்த் திசையப் பாத்து உக்காந்திருக்கும், ஒண்ணு கூடும்போது இன்னொண்ணு கொறையும், ரெண்டையும் ஒப்பிட்டா தண்ணி வால் பக்கம் போவுதா தலைப் பக்கம் போவுதான்னு மூளைக்குத் தெரிஞ்சு போவும்.

இனி அந்தக் குழாய் எதுக்கு? மொட்ட தோலுக்கு மேலயே வச்சா பத்தாதாக்கும்? பத்தாது. வெளிய நிக்கிற மொட்டு தண்ணி எவ்வளவு வேகமா ஓடுதுன்னு சொல்லும், ஆத்து நீரோட்டமே பலமா இருந்தா அந்த இரைச்சல்லயே அது மூழ்கிப்போவும். குழாய்க்குள்ள இருக்க மொட்டு வேற ரகம், ரெண்டு ஓட்டையிலயும் அழுத்தம் சமமா இருந்தா உள்ள திரவம் நகராது, ஒரே சீரா ஓடுற தண்ணிய அது கண்டுக்கவே கண்டுக்காது. ஏதோ ஒண்ணு கிட்டக்க துடிச்சா, வெட்டுனா, சட்டுனு திரும்புனா, இந்த ஓட்டைக்கும் அந்த ஓட்டைக்கும் அழுத்தம் மாறி திரவம் நகந்து மொட்டு சாயும். அதாவது ஆத்தோட ஓட்டத்த வடிகட்டித் தள்ளிட்டு, இரையோட துடிப்ப மட்டும் எடுத்துக் கொடுக்கிற பில்டர், வெறும் ஓட்டையும் குழாயும் வச்சே, கரண்டு கிடையாது சிப் கிடையாது. மீன் தானே வாலாட்டி நீந்தும்போது வர்ற அசைவுக்கும் ஏற்பாடு இருக்கு, மூளை முன்கூட்டியே அந்த செல்லுங்களுக்குக் கொஞ்சம் அடங்கியிருன்னு உத்தரவு அனுப்பிரும். கடலுக்கடியில போற ரோபோவுக்கு இதயே செயற்கையா செஞ்சு ஒட்டப் பாக்காவ.

இதுக்கு எட்டுற தூரம் கொஞ்சந்தான், மீனோட நீளத்துல ஒண்ணு ரெண்டு மடங்கு. அரை மீட்டர் பாஸுக்கு ஒரு மீட்டர்னு வச்சுக்கோங்க. அதுக்கு வெளிய உள்காதும் கண்ணும்தான். மஸ்கினு அமெரிக்காவுல ஒரு மீன், அதுக்குக் கண்ண மறைச்சுப் பாத்தாவ, தூரத்துல இருக்க இரையத் தேடி அது போகல, ஆனா இரை கிட்டக்க வந்ததும் டபக்குனு பாஞ்சு பிடிச்சிருச்சு.

இப்ப அந்தத் தகடுக்கு வருவோம். அதுக்குப் பேரு ஸ்பின்னர்பெயிட். தகடுல ரெண்டு ரகம் முக்கியம். வட்டமா குழிஞ்ச தகடு மெதுவா சுத்தும், தண்ணிய அகலமா அறையும், துடிப்பு கனமா வரும். வில்லோங்கிற மரத்தோட இலை மாதிரி நீளமா இருக்கது வேகமா சுத்தி பளபளன்னு மின்னும், துடிப்பு கம்மி. கலங்கத் தண்ணியில கைடு வட்டத் தகட எடுப்பான், தெளிஞ்ச தண்ணியில நீளத் தகட எடுப்பான். தம்பி கைராசின்னு நெனச்சது இதத்தான், அந்த கைடு மீனோட விலாவுக்குப் புரியுத பாஷையில பேசியிருக்கான். குஞ்சத்தோட கலருக்கு கடைக்காரன் நூறு வகை வச்சிருப்பான், ஆனா பாஸ் கண்ணுல சிவப்புக்கும் பச்சைக்கும்தான் தனித்தனி செல்லு இருக்கு, நீலத்தையும் கருப்பையும் போட்டுக் குழப்பிக்கிடும். பாதிக் கலரு மீனப் பிடிக்க இல்ல, மனுசனப் பிடிக்கத்தான்.

கொளத்துல தூண்டில் போடும்போது பெரியாளுவ "பேசாதலே, மீன் ஓடிரும்"னு அதட்டுவாவ. காத்துல வர்ற பேச்சுச் சத்தம் தண்ணி மேல பட்டதும் கிட்டத்தட்ட மொத்தமும் திரும்பிரும், ஆயிரத்துல ஒரு பங்கு சக்திதான் உள்ள போவும், அதனால தாராளமாப் பேசுங்க. ஆனா கரையில திம்திம்னு நடந்தீங்கன்னா அந்த அதிர்வு மண்ணு வழியா நேரா தண்ணிக்குள்ள எறங்கும், மீன் விலகிரும். படகுல டப்பாவக் கீழ போட்டாலும் அதே கததான்.

இந்த முடி செல்லு மீனுக்கு மட்டும் சொந்தமில்ல, அப்படியே நம்ம உள்காதுலயும் இருக்கு. ஒரு காதுக்கு சுமார் 15,000. வித்தியாசம் என்னன்னா, நமக்கு செத்தா செத்ததுதான், திரும்ப முளைக்காது. மீனுக்கு முளைக்கும். ஜீப்ராஃபிஷ்னு ஒரு குட்டி மீன், நம்ம நாட்டு ஓடையில கிடக்கது, அதோட பக்கக்கோட்டு செல்லுங்கள மருந்து வச்சுக் கொன்னா ரெண்டு மூணு நாள்ல புதுசா வந்து நிக்கும். டிபிக்கு அந்தக் காலத்துல போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியால சில பேருக்குக் காது போனது இந்த செல்லு செத்துத்தான், எந்த மருந்து காதக் கெடுக்கும்னு இப்ப அந்த மீன் விலாவுலயே சோதிக்காவ. மீன் முடிய எண்ணுறதுக்கு கவர்மெண்ட் காசான்னு கேக்கிறவிய உண்டு. நம்ம நாடு ஆராய்ச்சிக்கு செலவழிக்கது மொத்த உற்பத்தியில ஒரு சதவீதம்கூட கிடையாது, அதுலயும் இந்த மாதிரி உடனே லாபம் காட்டாத வேலைக்குத்தான் முதல்ல கத்தரி விழுது, எனக்கு இதுல கோவம்தான். நாளைக்கு காது கேக்காத பிள்ளைக்கு செல்லு முளைக்க வழி கிடைச்சா அது இங்கருந்துதான் வரும். அதுவரைக்கும் கோயில் கொடையில குழாய் ஸ்பீக்கருக்கு முன்னால கைப்பிள்ளையத் தூக்கிட்டு நிக்காதீங்க, சாமி கோவிச்சுக்காது.

அக்கா கடைசியா ஒண்ணு கேட்டாவ, இந்த பாஸ கொண்டாந்து மணிமுத்தாறு அணையில விட்டா நம்ம ஊருக்கும் வெளிநாட்டுக்காரன் வருவானேன்னு. வேண்டவே வேண்டாம். ஜப்பான்ல 1925ல கொண்டு போயி ஒரு ஏரியில விட்டாவ, பின்னால நாடு பூரா பரவி பிவா ஏரி வரைக்கும் போயி அங்க உள்ள சொந்த மீனுகளத் தின்னு தீத்துச்சு. 2009ல உலக ரெக்கார்டுக்குச் சமமா பத்து கிலோ பாஸ் சிக்கினது அதே பிவாவுலதான், ஆனா அங்க பிடிச்ச பாஸ மறுபடி தண்ணியில விடக்கூடாதுன்னு 2003லயே சட்டம் வந்தாச்சு. நமக்கு ஆப்பிரிக்கன் கெளுத்தியே போதும், 2000ல தடை போட்டும் இன்னும் கொளம் கொளமா கிடக்கு. சண்டைக்கார மீன்தான் வேணும்னா விரால் இருக்கு, ரப்பர் தவளைய கோரைப்புல் ஓரத்துல துள்ள விட்டா அதுவும் பாஸுக்குக் கொறையாம மூர்க்கமா பாயும். செக்கச்செவேல்னு குஞ்சுக்கூட்டம் மேல மெதக்கிற நேரத்துல மட்டும் தூண்டில் போடாதீங்க, தாய் தகப்பன் அடியில காவலுக்கு நிக்கும், தவளையப் பாத்ததும் பசியில இல்ல கோவத்துல கவ்வும், அதுங்களத் தூக்கிட்டா அம்புட்டு குஞ்சும் மத்த மீனுக்கு இரையாயிரும். அப்புறம் கொளத்துல இறங்குறதுக்கு முன்னாடி மீன்பாசி குத்தகை எடுத்தவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க.