பூட்டிக் கிடக்கும் வாடகை வீடு: பூட்டில் கை வைக்கும் முன்

குன்னூரில் வக்கீல் தொழில் செய்கிறேன். ஆடி மழையில் வரும் வீட்டுக்காரர்கள் பலர் கேட்பது இதைத்தான்: "மூணு மாசமா வாடகை வரல, வீடு பூட்டியே கிடக்கு, போனும் எடுக்கல. பூட்டை உடைச்சிடலாமா சார்?"

உடைக்காதீர்கள். மழை பிடித்துவிட்டால் 'கீழே போறோம்' என்று மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ போய் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் இங்கே உண்டு. கோத்தகிரிப் பக்கம் ஒருவர் பூட்டை உடைத்து, சாமான்களை விறகுக் கொட்டகையில் அடுக்கிவிட்டார். குடியிருந்த அம்மா, மகளின் பிரசவத்துக்குக் கோவை போயிருந்தார். திரும்பி வந்தால் கம்பளியெல்லாம் பூஞ்சணம், தையல் மிஷின் துருவேறி நிற்கிறது. அவர் பிழைப்பே அந்த மிஷின்தான். பீரோவில் இருந்த தோட்டையும் காணோம் என்று ஸ்டேஷனில் புகார். தான் எடுக்கவில்லை என்று காட்ட வீட்டுக்காரரிடம் ஒரு சாட்சிகூட இல்லை.

சாவி கைக்கு வரும்வரை, அல்லது கோர்ட் உத்தரவு வரும்வரை, வீட்டின் அனுபவம், அதாவது வீட்டைத் தன் வசம் வைத்திருக்கும் உரிமை, குடியிருப்பவருடையதுதான். முறையில்லாமல் வெளியேற்றப்பட்டவர், 1963-ஆம் ஆண்டின் ஸ்பெசிபிக் ரிலீப் சட்டம் 6-ஆவது பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வீட்டைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடலாம். பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்பது அங்கே எடுபடாது.

சரி, என்ன செய்வது? முதலில் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். அப்புறம் வாடகை வீட்டு முகவரிக்கும் சொந்த ஊர் முகவரிக்கும் பாக்கியைக் கேட்டு, கிடைத்ததற்கு ஒப்புகை வரும்படி தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் போடுங்கள், கதவில் ஒட்டி, தேதி தெரியப் படம் எடுத்து வையுங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில் இரண்டு மாத வாடகை பாக்கி, காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டிவிட்டால் அந்தக் காரணம் நிற்காது. கட்டவில்லையென்றால் வாடகை நீதிமன்றத்தில் மனு போடுங்கள். நடுவில் கரண்ட்டையோ தண்ணீரையோ நிறுத்தக் கூடாது.

குழாய் உடைந்து தண்ணீர் கீழ் வீட்டுக்கு இறங்கினால் சும்மா இருக்க முடியாதுதான். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு, அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைக் கூட வைத்துக்கொண்டு, நுழைவது முதல் பூட்டுவது வரை வீடியோ எடுங்கள். குழாயைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சாமானைத் தொடாதீர்கள்.

அடுத்த முறை ஒப்பந்தம் எழுதும்போது உறவினர் ஒருவரின் போன் நம்பரையும் முகவரியையும் கேட்டு வாங்குங்கள். காலி செய்யும் நாளில் 'சாவியை ஒப்படைத்தேன்' என்று ஒரு வரி எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.