நஷ்டஈடா, இழப்பீடா, நிவாரணமா?

விபத்தில் அடிபட்டவருக்குக் கிடைக்கும் பணத்துக்குத் தமிழில் பல பெயர்கள் புழங்குகின்றன: நஷ்டஈடு, நட்டஈடு, இழப்பீடு, நிவாரணம், கருணைத்தொகை, ஆறுதல் தொகை. செய்திகளில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டுவிடுகிறார்கள். சட்டத்தின் முன் இவை வேறு வேறு. சில சொற்கள் வாங்குபவரின் உரிமையைச் சொல்கின்றன. சில கொடுப்பவரின் மனத்தைச் சொல்கின்றன. அடிபட்டுக் கிடப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாமல் போனால், கேட்டு வாங்க வேண்டியதை, கொடுத்ததே போதும் என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

முதலில் ஈடு என்ற சொல்லைப் பார்ப்போம். 'இடு' என்ற வினையின் முதலெழுத்து நீண்டு பெயரானது இது. கெடு என்பது கேடு ஆவதும், சுடு என்பது சூடு ஆவதும், பெறு என்பது பேறு ஆவதும் இதே வழிதான். இலக்கணத்தில் இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பார்கள். இடுதல் என்றால் வைத்தல், கொடுத்தல். ஒன்று போன இடத்தில் அதற்குச் சமமான இன்னொன்றை வைப்பதே ஈடு. 'ஈடுகட்டு', 'ஈடுகொடு', 'ஈடு இணையில்லை' என்று அன்றாடம் பேசும்போதும் இந்தச் சமம் என்ற கருத்துதான் உள்ளே நிற்கிறது. கடனுக்குப் பிணையாக வைக்கும் பொருளையும் ஈடு என்கிறோம். கடனுக்கு நிகரான மதிப்பு அதற்கு இருக்க வேண்டும் என்பதால்தான்.

நஷ்டம் வடமொழிச் சொல். அழிதல், காணாமல் போதல் என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. அதோடு தமிழ் ஈடு சேர்ந்து நஷ்டஈடு ஆனது. ஷகரம் தவிர்த்து எழுதியபோது நட்டஈடு. இலங்கைத் தமிழில் இந்த வடிவம் இன்றும் நன்றாக வழங்குகிறது. இழப்பு, ஈடு இரண்டும் சேர்ந்த இழப்பீடு முழுத் தமிழ்ச் சொல். இதையே பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. தூய்மை மட்டும் அதற்குக் காரணம் இல்லை. நஷ்டம் என்றதும் நம் மனத்தில் வருவது லாப நஷ்டக் கணக்கு, வியாபாரம். இழப்பு அதைவிட விரிந்த சொல். கையை இழக்கலாம், பார்வையை இழக்கலாம், தூக்கத்தை இழக்கலாம், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும் வலுவை இழக்கலாம். இவை அத்தனைக்கும் சட்டத்தில் ஈடு கேட்க முடியும். கேட்க முடியும் என்பதைச் சொல்லிலேயே நினைவூட்டுவது இழப்பீடுதான்.

நிவாரணம் என்றால் தடுத்தல், நீக்குதல். துன்பத்தை நீக்க அரசோ அமைப்போ கொடுப்பது. வெள்ளத்துக்கும் புயலுக்கும் நிவாரணம் உண்டு. அங்கே யார் தவறு என்ற கேள்வியே எழுவதில்லை. கருணைத்தொகை இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது. ஆங்கிலச் சட்டத்தில் இதற்கு வழங்கும் 'எக்ஸ் கிராஷியா' என்ற லத்தீன் தொடருக்கே 'அருளினால்' என்றுதான் பொருள். பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் கொடுப்பது அது. அப்படி ஒரு தொகை வந்தால் அதை இழப்பீட்டின் முடிவாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் அதோடு சேர்த்து நீட்டப்படும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இழப்பீட்டைக் குறிக்கும் காம்பென்சேஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீனில் 'சேர்த்து நிறுத்துப் பார்த்தல்'. ஒரு தட்டில் இழப்பு, மறுதட்டில் பணம். ஈடு சொல்லும் அதே சமநிலை. 1880இல் லிவிங்ஸ்டன் எதிர் ராயார்ட்ஸ் நிலக்கரி நிறுவனம் என்ற வழக்கில் பிரிட்டன் நீதிபதி பிளாக்பர்ன் பிரபு இந்தக் கருத்துக்கு ஒரு வரையறை தந்தார்: தவறு நடக்காமல் இருந்திருந்தால் பாதிக்கப்பட்டவர் எந்த நிலையில் இருந்திருப்பாரோ, பணத்தால் முடிந்த அளவு அந்த நிலையில் அவரை வைக்கும் தொகை. ஒருவர் நிலத்தடியில் இருந்த நிலக்கரியை இன்னொருவர் எடுத்துவிட்டது பற்றிய வழக்கு அது. ஆனால் உடற்காய வழக்குகளிலும் இந்த அளவுகோல்தான் இன்றுவரை எடுத்தாளப்படுகிறது.

காயத்தைக் குறிக்கும் இன்ஜுரி என்ற ஆங்கிலச் சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. லத்தீனில் 'யூஸ்' என்றால் உரிமை, நீதி. 'இன்யூரியா' என்றால் உரிமைக்கு மாறானது. அதாவது அந்தச் சொல் முதலில் புண்ணைக் குறிக்கவில்லை, உரிமை மீறலைக் குறித்தது. இங்கிலாந்தில் 1703ஆம் ஆண்டில் நடந்த ஆஷ்பி எதிர் ஒயிட் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வாக்குரிமை உள்ள ஒருவரை வாக்களிக்க விடாமல் தடுத்தார்கள். அவருக்குக் காசு இழப்பு ஏதுமில்லை. ஆனாலும் உரிமை மீறப்பட்டது என்பதே வழக்குக்குப் போதும் என்றார் தலைமை நீதிபதி ஹோல்ட். இதன் மறுபக்கமும் உண்டு: இழப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் யாரும் சட்டக் கடமையை மீறவில்லை என்றால் பொதுவாக ஈடு கேட்க முடியாது. அடிபட்டது மட்டும் போதாது. இன்னொருவர் எடுத்திருக்க வேண்டிய கவனத்தை எடுக்கவில்லை, அதனால்தான் அடிபட்டது என்று காட்ட வேண்டும்.

'பர்சனல் இன்ஜுரி' என்பதைத் தனிநபர் காயம் என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கிறார்கள். காயம் என்றாலே யாரோ ஒருவருக்குத்தானே? தனிநபர் அங்கே தேவையில்லை. உடற்காயம் என்றால் போதும். பழைய தமிழில் இன்னும் அழகான சொல் ஒன்று இருக்கிறது: ஊறு. தீங்கு என்பது அதன் ஒரு பொருள். தொடுவுணர்வு என்பது இன்னொன்று. ஐம்புலன்களைச் சொல்லும் 27ஆம் குறளில் 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்று தொடுவுணர்வாக வருகிறது. உடல் ஊறு, மன ஊறு என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல இது வசதி. மனத்தில் ஏற்பட்ட பாதிப்பும் மருத்துவ ஆவணத்தில் பதிவானால் பல நாடுகளின் நீதிமன்றங்களில் ஈட்டுக்கு உரியது.

உடற்காயத்துக்கு விலை வைப்பது புதிதில்லை. பண்டைய பாபிலோன் அரசர் ஹமுராபியின் சட்டத்தில், சண்டையில் ஒருவரைக் காயப்படுத்தியவர் தெரிந்து அடிக்கவில்லை என்று சத்தியம் செய்தால் வைத்தியச் செலவைக் கொடுத்தால் போதும். ரோமானியரின் பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் எலும்பு முறிவுக்கு 300 காசு, முறிந்தது அடிமையின் எலும்பு என்றால் 150. பொது ஆண்டு (கி.பி.) 600ஐ ஒட்டி இங்கிலாந்தின் கென்ட் பகுதி அரசர் எத்தல்பர்ட் வெளியிட்ட சட்டத்தில் கட்டைவிரலுக்கு 20 ஷில்லிங், அதன் நகத்துக்கு 3 ஷில்லிங். இப்படி உறுப்பு வாரியாக எழுதிய அட்டவணைகள் இன்றும் பல நாட்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்களில் இருக்கின்றன. மற்ற வழக்குகளில் பெரும்பாலும் அட்டவணை கிடையாது. ஒவ்வொருவரின் இழப்பையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அங்கேதான் பலர் தோற்றுப்போகிறார்கள். இழப்பு இருக்கிறது, ஆனால் தட்டில் வைக்க எதுவும் இல்லை. ஆகவே அடிபட்ட அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், வலி குறைவாக இருந்தாலும். எப்படி அடிபட்டது, எங்கெல்லாம் வலிக்கிறது என்பதைச் சொல்லி அதைக் குறிப்பில் எழுதச் செய்ய வேண்டும். 'கீழே விழுந்தார்' என்று மட்டும் பதிவானால், வண்டி இடித்து விழுந்ததா, தானாக விழுந்ததா என்ற வாதத்துக்கு அந்த ஒரு வரி இடம் கொடுத்துவிடும். சிகிச்சையை நடுவில் விட்டுவிட்டால் காயம் அவ்வளவு பெரிதில்லை என்று எதிர்த்தரப்பு சொல்லும். சரியான சிகிச்சையால் குறைத்திருக்கக்கூடிய பாதிப்புக்கு ஈடும் குறையலாம். இழப்பைத் தணிக்கும் கடமை அடிபட்டவருக்கும் உண்டு. அப்புறம், இடத்தின் படங்கள், பார்த்தவர்களின் பெயரும் தொடர்பு எண்ணும், காவல்துறையிலோ வேலையிடத்திலோ கொடுத்த புகாரின் நகல், மருந்துச் சீட்டு, பயணச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்களின் சம்பள விவரம். எந்த நாளில் என்ன செய்ய முடியவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி வருவது எளிது. ஆறு மாதம் கழித்து அதை நினைவிலிருந்து சொல்வது கடினம்.

தன் மீதும் கொஞ்சம் தவறு இருந்தால் எல்லாம் போய்விடும் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் ஆங்கிலச் சட்டம் அப்படித்தான் இருந்தது. 1809இன் பட்டர்ஃபீல்டு எதிர் ஃபாரஸ்டர் தீர்ப்பின்படி அடிபட்டவரும் கவனமின்றி இருந்தால் ஒன்றும் கிடையாது. 1945இல் பிரிட்டனில் சட்டம் திருத்தப்பட்டு, தவறின் பங்குக்கு ஏற்பத் தொகை குறையும் என்று ஆனது. பல நாடுகள் இன்று ஏறக்குறைய இந்த வழியில் போகின்றன, சில இடங்களில் பழைய கடுமை இன்னும் மிச்சமிருக்கிறது. அடிபட்டவர் பக்கத்து இந்தத் தவறைப் பங்களிப்புக் கவனக்குறைவு என்று தமிழில் எழுதுகிறார்கள். 'உடன் கவனக்குறைவு' இன்னும் எளிது. நியூசிலாந்து வேறு பாதையில் போனது: 1974 ஏப்ரல் முதல் அங்கே யார் தவறு என்று பார்க்காமலே விபத்துக் காயங்களுக்கு அரசின் திட்டத்திலிருந்து ஈடு கிடைக்கிறது.

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம். காப்பீட்டுத் தரப்பிலிருந்து சீக்கிரமே ஒரு தொகை பேசப்படலாம். கூடவே வருவது விடுவிப்புப் பத்திரம்: இனி இந்த விபத்து தொடர்பாக எதுவும் கேட்க மாட்டேன் என்ற உறுதி. கையெழுத்தான பிறகு இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலும் கதவு பெரும்பாலும் மூடியதுதான். காயம் ஒரு நிலைக்கு வந்து, இனி எவ்வளவு தேறும் என்று மருத்துவர் சொல்லும் முன் இதில் கையெழுத்துப் போடுவது பெரிய இழப்பாக முடியும். நேரில் படித்துப் பார்க்க ஒரு வழக்கறிஞர் வேண்டும். பல இடங்களில் இலவசச் சட்ட உதவி கிடைக்கிறது.

அதற்காகக் காலவரையின்றிக் காத்திருக்கவும் முடியாது. வழக்குத் தொடுக்க ஒவ்வொரு சட்டமும் ஒரு காலவரம்பு வைத்திருக்கிறது. சில இடங்களில் அது சில மாதங்கள், சில இடங்களில் சில ஆண்டுகள். அரசுத் துறை எதிர்த்தரப்பாக இருந்தால் அதற்கும் முன்பே அறிவிப்பு கொடுக்க வேண்டிவரலாம். சமரசம் பேசிக்கொண்டிருப்பதால் மட்டும் பொதுவாக அந்தக் கடிகாரம் நிற்பதில்லை. ஆகவே வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கடைசித் தேதி எது என்பது. மனு எழுதும்போது தலைப்பில் 'நிவாரணம் வழங்குமாறு' என்று போடாமல், 'இழப்பீடு கோரி' என்றே எழுதுங்கள்.