கோயிலுக்கு மைக் செட் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ கை தட்டிப் பாருங்க

எங்க ஊர் பங்கு கோயில்ல திருவிழாவுக்கு மிஞ்சின காசுல புது சவுண்ட் செட் போட்டாங்க. கடைக்காரர் வந்து நாலு பக்கமும் பாத்துட்டு "ஆயிரம் வாட்ஸ் போட்ருவோம் ஃபாதர், அதிரும்"னு சொன்னாரு, அவர் சொன்ன மாதிரியே அதிரத்தான் செஞ்சது, ஆனா பிரசங்கம் ஒரு வார்த்தை புரியல. கடைசி பெஞ்சுல உக்கார்ற பாட்டி ஒருத்தங்க பூசை முடிஞ்சு வெளிய வந்து "என்ன ஃபாதர் பாசத்தை விட்டு விலகுங்கன்னு சொல்றாரு?"ன்னு கேட்டாங்க. ஃபாதர் சொன்னது பாவத்தை.

சிரிச்சுட்டு விட்டுட்டேன், ஆனா அப்புறம் யோசிச்சா பாட்டி காதுல ஒண்ணும் கோளாறு இல்ல. பாவம், பாசம் ரெண்டுலயும் "பா" ஒண்ணுதான், நடுவுல வர்ற ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். உயிரெழுத்து சத்தம் பெருசு, நீளம். மெய்யெழுத்து சத்தம் சின்னது, கண்ணிமைக்கிற நேரத்துல முடிஞ்சிடும். "பா"ன்னு சொன்னது செவுத்துல பட்டு கூரைல பட்டு திரும்பி வந்துட்டே இருக்கும்போது அடுத்த எழுத்து அதுக்கு அடியில மாட்டி நசுங்கிப் போவுது. காதுக்கு வர்றது "பா..ம்" மட்டும்தான், மீதிய மூளை தானா நிரப்பிக்கிது. இதுல வாட்ஸை ஏத்துனா என்ன ஆகும், பேச்சும் ஏறும், திரும்பி வர்ற சத்தமும் அதே அளவு ஏறும், ரெண்டுக்கும் உள்ள விகிதம் அப்படியே இருக்கும். கூடுதலா கிடைக்கிறது தலைவலி.

அதனால முதல்ல பாக்க வேண்டியது ஸ்பீக்கர் கேட்டலாக் இல்ல, கட்டடம். ஆளில்லாத நேரத்துல நடுவுல நின்னு ஓங்கி ஒரு கை தட்டுங்க, சத்தம் முழுசா அடங்க எத்தனை செகண்டு ஆகுதுன்னு எண்ணுங்க. கணக்கா சொன்னா சத்தம் 60 டெசிபல் (சத்தத்த அளக்குற அலகு) குறைய ஆகுற நேரம், இதுக்குத்தான் எதிரொலி நேரம்னு பேரு.

இதை முதல்ல அளந்து சூத்திரம் போட்டவர் வாலஸ் சபைன், ஹார்வர்டுல இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். 1895ல அங்க ஃபாக் மியூசியத்தோட லெக்சர் ஹால்ல பேசுறது யாருக்கும் புரியல, என்னன்னு பாருன்னு இவர்கிட்ட விட்டாங்க. ஆர்கன்ங்கிற இசைக்கருவியோட குழாய் ஒண்ண ஊதி நிறுத்திட்டு சத்தம் எப்ப காதுக்கு மறையுதுன்னு அளந்தா காலி ஹால்ல அஞ்சரை செகண்டு. பக்கத்துல சாண்டர்ஸ் தியேட்டர்ல இருந்து சீட் குஷனையெல்லாம் ராத்திரி ராத்திரியா தூக்கிட்டு வந்து கொஞ்சம் கொஞ்சமா பரப்பி ஒவ்வொரு தடவையும் திரும்ப அளந்தாரு. ராத்திரி ஏன்னா பகல்ல தெரு சத்தம் விடாது. அதுல கிடைச்ச கணக்கு ரொம்ப எளிசு: ஹாலோட கன அளவ கன மீட்டர்ல எடுத்து 0.161ஆல பெருக்கி, சத்தத்த உறிஞ்சுற மொத்தப் பரப்பால வகுத்தா எதிரொலி நேரம். உறிஞ்சுறதுக்கு அவர் வச்ச அளவுகோல் என்ன தெரியுமா, திறந்த ஜன்னல். வெளிய போன சத்தம் திரும்பி வராதுல்ல.

எங்க கோயிலுக்கே போட்டுப் பாத்தேன். 24 மீட்டர் நீளம், 12 அகலம், 8 உயரம், கன அளவு 2304. பூசின செவுரும் டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையும் சேத்து கிட்டத்தட்ட 1150 சதுர மீட்டர், ஆனா அது நூத்துக்கு மூணு பங்குதான் உறிஞ்சும்னு வச்சா 35 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். எல்லாத்தையும் சாத்திட்டு ஆளே இல்லன்னா பத்து செகண்டுக்கு மேல வருது. ரெண்டு சதுர மீட்டர்ல பத்து ஜன்னலத் திறந்தா ஆறேமுக்கால். ஒரு ஆள், துணிமணியோட, அரை சதுர மீட்டர் ஜன்னலுக்குக் கொஞ்சம் கம்மி. ஜன்னலத் திறந்தபடியே வச்சு, வார நாள் காலைப் பூசைக்கு 30 பேர் வந்தா அஞ்சரை செகண்டு, ஞாயித்துக்கிழம 300 பேர் வந்தா ரெண்டு. பேச்சு தெளிவா கேக்க ஒண்ணு ஒண்ணரை செகண்டு இருந்தா நல்லது, பாட்டுக்கு ரெண்டு இருந்தா நல்லாத்தான் இருக்கும். ஞாயிறு ஓகே, திங்கக்கிழம மட்டும் மோசம்னு எல்லா கோயில்லயும் ஒரு புலம்பல் இருக்கும்ல, காரணம் இதுதான், ஆம்ப்ளிஃபையர் கெட்டுப்போகல. இப்ப நிறைய இடத்துல ஏசி போட்டு கண்ணாடி வச்சு ஜன்னல அடைக்கிறாங்க, அடைச்ச அன்னைக்கே எக்கோ கூடிரும், அதுக்கு மிக்சரைத் திட்டி பிரயோஜனம் இல்ல. பள்ளிவாசல்ல தரை முழுக்க கம்பளம் இருக்கும், அதுல அவங்களுக்கு ஒரு லாபம்.

கட்டடத்த உடைச்சு கட்ட முடியாது, பின்பக்க செவுத்துல கனமான திரையோ துணி சுத்தின பஞ்சுப் பலகையோ அடிக்கலாம், அதுக்கு மேல மிச்சத்த ஸ்பீக்கர்தான் பாத்துக்கணும். சத்தத்த ஆள் மேல மட்டும் போடணும், கூரை மேல போடக்கூடாது, விஷயம் இவ்ளோதான். காலம் (column, அதாவது தூண்) ஸ்பீக்கர்னு ஒல்லியா உசரமா ஒரு பொட்டி தொங்கும்ல, அதுக்குள்ள சின்னச் சின்ன ஸ்பீக்கர் ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கியிருக்கும். நேர் எதிர்ல நிக்கிறவங்களுக்கு எல்லாத்தோட அலையும் ஒரே நேரத்துல வந்து சேரும், கூடும். மேலயும் கீழயும் போற அலைங்க முன்ன பின்ன வந்து ஒண்ண ஒண்ணு அழிச்சிக்கும். அதனால சத்தம் பக்கவாட்டுல அகலமா, மேல கீழ ஒல்லியா விசிறி மாதிரி விரியும். பெஞ்சு வரிசைக்கு கச்சிதம், கூரைக்கு கம்மி. அலைநீளத்த விட பொட்டி நீளமா இருந்தாத்தான் இந்த வித்தை நடக்கும், ஒரு மீட்டர் பொட்டின்னா சுமாரா 350 ஹெர்ட்ஸுக்கு (செகண்டுக்கு 350 அதிர்வு) மேல உள்ள சத்தத்துக்குத்தான். அரையடி பொட்டிய காலம்னு சொல்லி வித்தா வாங்காதீங்க.

இன்னொரு கோயில்ல கண்ணால பாத்தேன், பீடத்துக்கு மேல வளைவுல அழகா இருக்கும்னு காலம் ஸ்பீக்கர படுக்க வச்சு ஆணி அடிச்சிருக்காங்க! விசிறியும் படுத்துக்கும்ல. சத்தம் கூரைக்கும் தரைக்கும் நல்லா போவுது, ஓரத்து பெஞ்சுக்காரங்களுக்கு ஒண்ணும் இல்ல. நிமித்தி வச்சு லேசா கீழ சாச்சதுக்கே பாதி பிரச்சினை போச்சு, செலவு ரெண்டு கிளாம்ப்.

நீளமான ஹால்ல பின்னாடிக்கு தனி ஸ்பீக்கர் வைக்கணும், ஏன்னா திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும், உள்ளயும் நேரா வர்ற சத்தத்துக்கு இதே கதைதான். ஆனா வச்சதும் புதுத் தலைவலி ஒண்ணு வரும். ஒயர்ல கரண்டு உடனே போயிரும், காத்துல சத்தம் செகண்டுக்கு 345 மீட்டர்தான் நடக்கும். 20 மீட்டர் தாண்டி உக்காந்தவருக்கு பக்கத்து ஸ்பீக்கர் முதல்ல பேசும், முன்னாடி ஸ்பீக்கர் 58 மில்லி செகண்டு கழிச்சு பேசும். பேச்சுல 50ஐத் தாண்டினா காது அத ரெண்டு சத்தமா பிரிச்சுக் கேக்க ஆரம்பிச்சிரும். அதனால பின்னாடி ஸ்பீக்கர வேணும்னே 58ம் அதுக்கு மேல ஒரு 10, 15 மில்லி செகண்டும் தாமதம் பண்ணணும். அந்த கூடுதல் பத்து எதுக்குன்னா, முதல்ல வந்த சத்தம் எந்தத் திசையோ அங்கருந்துதான் பேச்சு வருதுன்னு மூளை முடிவு பண்ணிக்கும், பின்னால வர்றது கொஞ்சம் சத்தமாவே இருந்தாலும் கண்டுக்காது. ஜெர்மன்காரர் ஹெல்முட் ஹாஸ் 1949ல காட்டினது இது. லண்டன் செயின்ட் பால் பேராலயத்துல 1950கள்லயே இந்த தாமதத்த வச்சு காலம் ஸ்பீக்கர் போட்டாங்க, சத்தத்தப் பதிஞ்சு கொஞ்சம் கழிச்சு ஒலிக்க வைக்க அப்ப சுத்துற காந்தத் தட்டு வேண்டியிருந்தது, இப்ப சாதாரண டிஜிட்டல் மிக்சர்லயே ஒரு பட்டன்.

மைக் ஊய்ங்னு கத்துறதுக்கும் வாட்ஸுக்கும் சம்பந்தம் இல்ல. ஸ்பீக்கர் சத்தம் மைக்ல நுழைஞ்சு திரும்ப பெருசாகி திரும்ப நுழையிது, அந்த சுத்துதான் ஊளை. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்த பாதியாக்குங்க, 6 டெசிபல் இனாம். பேசாத மைக்கெல்லாம் அணைச்சு வைங்க, திறந்த மைக் ஒவ்வொரு தடவ ரெண்டு மடங்காகும்போதும் 3 டெசிபல் காலி. கார்டியாய்டு மைக்குன்னு கேட்டு வாங்கினா அதுக்கு முதுகுப் பக்கம் காது மந்தம், அந்தப் பக்கம் ஸ்பீக்கர் இருக்கட்டும். ஆனா பாடகர் குழுத் தம்பிங்க மைக் தலைய உள்ளங்கையால பொத்திப் பிடிக்கிறாங்க பாருங்க, பின்னாடி இருக்குற ஓட்டை அடைபட்டா அந்த மந்தம் போயிரும், உடனே கத்தும். சினிமால பாத்துட்டு செய்றாங்க, சொன்னா கோவம் வருது.

பாட்டு வரி போடுற ப்ரொஜெக்டர பத்தியும் கேப்பாங்க. 3000 லூமென்ஸ் (ப்ரொஜெக்டர் கொட்டுற மொத்த வெளிச்சம்) போதுமான்னா, ரெண்டரை மீட்டர் அகலத் திரைக்கு அந்த வெளிச்சம் சதுர மீட்டருக்கு 850 லூமென்ஸ், அதாவது 850 லக்ஸ் கிட்ட வரும். காலைல ஜன்னல் வெளிச்சம் திரைல 400 விழுந்தா வெள்ளைக்கும் கருப்புக்கும் மூணு மடங்குதான் வித்தியாசம். எழுத்து தெரியும், படம் வெளுத்துப் போகும். ஜன்னலைச் சாத்தினா படம் தெரியும், ஆனா சத்தம் என்ன ஆகும்னு இப்ப உங்களுக்கே தெரியும். அந்தக் காசுக்கு ரெண்டு பெரிய டிவி மாட்டுறது மேல்னு நான் சொல்லுவேன்.

எங்க கோயில்ல கடைசில ஆயிரம் வாட்ஸ் பொட்டிங்கள திருவிழா மேடைக்கு வச்சுக்கிட்டு உள்ள நாலு காலம் ஸ்பீக்கர், பின்பக்கம் திரை, வாசக மேடைல வளையுற மைக். பாக்கிறதுக்கு ஒரு சோதனை வச்சோம், ஒருத்தர் முன்னாடி நின்னு தொடர்பே இல்லாத வார்த்தையா படிக்கணும், கடைசி பெஞ்சுல இருக்குறவங்க எழுதணும், அர்த்தம் தொடர்ந்து வந்தா மூளை ஊகிச்சிரும்ல. படி, பழி, பசி, பணி. பாட்டிக்கு எழுத வராது, கேட்டதத் திருப்பிச் சொன்னாங்க, இருபதுல பதினெட்டு சரி. மீதி ரெண்டுக்கு தலைக்கு மேல ஓடுற ஃபேனக் கைகாட்டி "அதை நிறுத்துய்யா"ன்னாங்க.