கான்டூர் – சம உயரக் கோடு

நிலத்தோற்ற வரைபடங்களில் பழுப்பு நிறத்தில் வளைந்து செல்லும் மெல்லிய கோடுகளுக்குக் 'கான்டூர்' என்று பெயர். கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை ஒவ்வொரு கோடும் இணைக்கிறது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லின் அடியில், கடைசல் பட்டறையில் சுழற்றி உருட்டுவதைக் குறிக்கும் 'தோர்னாரே' என்ற லத்தீன் வினை இருக்கிறது. ஆகவே அதன் வேர்ப்பொருள் சுற்றுவரை அல்லது புறவரைதான். உயரம் என்ற கருத்தே அதில் கிடையாது. ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையில் 1774 முதல் 1776 வரை எடுத்த அளவீடுகளைக் கணக்கிட்ட கணிதவியலாளர் சார்லஸ் ஹட்டன், எண்களின் குவியலிலிருந்து மலையின் வடிவத்தைக் காண ஒரே உயரப் புள்ளிகளைக் கோடிட்டு இணைத்தார்.

தமிழில் இதனைச் சம உயரக் கோடு என்கிறோம். இலங்கையில் சமவுயரக் கோடு என்று சேர்த்து எழுதுவர். இது கான்டூரின் மொழிபெயர்ப்பு அன்று. 'சம உயரம்' என்றே பொருள்படும் கிரேக்க வேர்களால் அமைந்த 'ஐசோஹிப்ஸ்' என்ற சொல்லுக்கே நெருக்கமானது. மூலச்சொல்லைவிடத் தமிழ்ச்சொல் தெளிவானது என்பேன். முக ஒப்பனையில் வரும் கான்டூருக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே புறவரை போதும்.

அலாஸ்காவின் ராங்கல் மலைகளுக்கான ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் அளவிலான படங்களில் இக்கோடுகளின் உயர இடைவெளி பெரும்பாலும் 100 அடி. பள்ளத்தாக்கில் ஓடையைக் கடக்கும் கோடு, ஓடை பிறக்கும் திசையை நோக்கிக் கூர்மையாக மடங்கும். ஆனால் அங்குள்ள சிட்டினா போன்ற ஆறுகளில், பனியாற்று நீர் சரளைக்கற்களில் பல கிளைகளாகப் பிரிந்து பின்னிக்கொண்டு ஓடும் அகன்ற படுகையில், கோடு ஏறக்குறைய நேராகவே கடந்துவிடுகிறது. கிளைகளோ படம் அச்சேறிய பின்னும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன.

பனியாற்றின் மேல் மட்டும் கோடுகள் நீல நிறம் பெறுகின்றன. பனி சேரும் மேற்பகுதி நடுவில் குழிந்திருப்பதால் அவை மேல்நோக்கி வளைகின்றன; உருகும் கீழ்ப்பகுதி புடைத்திருப்பதால் கீழ்நோக்கி வளைகின்றன. வளைவு திரும்பும் இடம், பனி சேர்வதும் உருகுவதும் சமமாகும் பனிச் சமநிலைக் கோட்டை ஏறத்தாழக் காட்டிவிடும். இந்த நீலக் கோடுகள் சொல்வது பாறையின் உயரத்தை அன்று, அளவீடு செய்த ஆண்டில் இருந்த பனிப்பரப்பின் உயரத்தை. பனி உருகித் தாழ்ந்துவிட்டால், 3,000 அடி என எழுதிய கோட்டின் இடத்தில் இன்று வெறுங்காற்றுதான் இருக்கும்.