பார்த்திராத வெள்ளத்துக்கு எவ்வளவு உயரத்தில் கரை?

"நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்றார்கள், பத்து வருஷத்தில் இரண்டு தடவை வந்துவிட்டதே?" என்று கேட்கிறார் ஒரு வாசகர். நூறாண்டு வெள்ளம் என்றால் ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு. குலுக்கல் வருஷா வருஷம் புதிதாக நடக்கிறது. 30 ஆண்டில் ஒருமுறையாவது விழ 26 சதவீத வாய்ப்பு உண்டு. இது சுலபம். நூறாண்டுகூட நிரம்பாத பதிவை வைத்துக்கொண்டு பத்தாயிரம் ஆண்டுக் கணக்கு சொல்வதுதான் கஷ்டம்.

நெதர்லாந்து அப்படிச் சொன்னது. 1953 ஜனவரி 31 இரவு வடகடல் புயல் கரைகளை உடைத்ததில் அந்நாட்டில் 1,836 பேர் மாண்டனர். ஹூக் வான் ஹோலந்து என்ற கடலோர ஊரில் நீர் கடல்மட்டத்துக்கு மேல் 3.85 மீட்டர் ஏறியது. அதன்பின் கரைகளின் உயரத்தை ஆராய அரசு அமைத்த டெல்டா குழுவுக்காகக் கணக்குப் போட்டவர்களில் முக்கியமானவர் ஆம்ஸ்டர்டாம் கணிதவியலாளர் டேவிட் வான் டான்ட்சிக்.

சராசரியை வைத்து உச்சத்தைக் கணிக்க முடியாது. சாதாரண நாள்களின் ஓதம் (கடல்நீரின் ஏற்றம்) புயல் நாளைப் பற்றி எதுவும் சொல்லாது. அதனால் உச்சங்களை மட்டும் எடுக்கிறார்கள். இங்கேதான் அழகு. ஆண்டின் உச்சம் என்பது பன்னிரண்டு மாத உச்சங்களில் பெரியது; பத்தாண்டின் உச்சம் பத்து ஆண்டு உச்சங்களில் பெரியது. பெரியதிலும் பெரியதை எடுத்துக்கொண்டே போனாலும் பரவலின் (எந்த உயரம் எவ்வளவு அடிக்கடி வரும் என்பதன்) உருவம் மாறாமல் இருக்க வேண்டும். நகரலாம், விரியலாம், அவ்வளவே. இந்தச் சோதனையில் தேறுபவை மூன்றே குடும்பங்கள். ஃபிஷரும் டிப்பெட்டும் 1928-இல் கண்டார்கள், க்னெடென்கோ 1943-இல் முழுமையாக நிறுவினார்.

எந்தக் குடும்பம் என்பதை 'வடிவ எண்' சொல்லும். அதன் குறும்பைப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை தாண்டப்படும் மட்டம் 1.96 மீட்டர், விரிவு (உச்சங்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) 0.337 மீட்டர் என்று வைப்போம். வடிவ எண் 0 என்றால், கரையை 78 செ.மீ. உயர்த்தும்போதெல்லாம் வாய்ப்பு பத்தில் ஒன்றாகக் குறையும். பத்தாயிரம் ஆண்டு மட்டம் சுமார் 5 மீட்டர். ஹூக் வான் ஹோலந்துக்குக் குழு வைத்த அளவும் 5 மீட்டர்தான். வடிவ எண்ணை −0.1 ஆக்கினால் 4 மீட்டர், +0.1 ஆக்கினால் 7 மீட்டர்! ஆனால் பத்தாண்டு மட்டத்தில் இந்த மூன்றுக்கும் இடையே 20 செ.மீ. கூட வித்தியாசம் இல்லை. கையிலுள்ள பதிவு மூன்றையும் ஏறக்குறைய ஒன்றாகவே காட்டும்.

ஆண்டுக்கு ஓர் எண் போதாதென்று, ஒரு வரம்பைத் தாண்டிய எல்லா ஓதங்களையும் சேர்ப்பதும் உண்டு. வரம்பு தாழ்ந்தால் சாதாரண ஓதங்கள் கலந்து கணக்கு சாயும். உயர்ந்தால் நாலைந்து எண்தான் மிஞ்சும், விடை தள்ளாடும். ஒரே புயல் இரண்டு மூன்று ஓதங்களை உயர்த்திவிடும். அவற்றைத் தனித்தனியாக எண்ணினால் பதிவு பொய்யாகப் பெருகும். புயலுக்கு ஓர் உச்சம் மட்டும். கடல்மட்டமே ஏறி வருவதால் அந்தப் போக்கையும் முதலில் கழித்தாக வேண்டும்.

இத்தனைக்கும் அடிப்படை, தினமும் ஒருவர் எழுதிவைத்த ஓத அளவுகோல் பதிவு. இதற்கு நிதி கேட்டால் "இதில் என்ன புதுமை?" என்பார்கள். நூறு வருஷம் ஒரே மாதிரி அளப்பதுதான் இதில் புதுமை. பதிவேட்டில் பத்தாண்டு விடுபட்டால் எந்தக் கணினியாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

2017 முதல் நெதர்லாந்து கேள்வியையே மாற்றிவிட்டது. நீர் கரையைத் தாண்டும் வாய்ப்பு எவ்வளவு என்பதோடு நில்லாமல், ஒரு பகுதியில் கரையே உடைந்து ஊருக்குள் வெள்ளம் புகும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்கிறது. அடிமண்ணில் நீர் கசிந்து மணலை அரித்துக்கொண்டு போவதும் இப்போது அந்தக் கணக்கில் சேர்கிறது.