மீமெய்ம்மை: ‘சர்ரியலிசம்’ என்பதற்கு ஏற்ற தமிழ்ச்சொல்

கனவில் கண்டதுபோல் மயக்குகிற, ஏனென்று சொல்லத் தெரியாமலே உள்ளூர நடுக்கம் தருகிற ஒரு நிழற்படத்தையோ திரைக்காட்சியையோ பாராட்டும்போது ‘சர்ரியல்’ என்கிறோம். சிலர் ‘அமானுஷ்யம்’ என்றும் எழுதுகிறார்கள். அது ஆவிகளையும் தெய்வச் செயல்களையும் சுட்டும் சொல்லாதலால் இங்கே பொருந்தாது.

பிரெஞ்சு மொழியில் ‘சூர்’ என்பது ‘மேல்’ என்று பொருள்படும் முன்னொட்டு. அதனோடு யதார்த்தவாதத்தைக் குறிக்கும் ‘ரெயலிஸ்ம்’ சேர்ந்தது. கவிஞர் கியோம் அப்போலினேர் 1917-இல் ஒரு பாலே நடனத்தின் நிகழ்ச்சிக் குறிப்பிலும், தம் நாடகத்தின் துணைத்தலைப்பிலும் இச்சொல்லை ஆண்டார். 1924-இல் எழுத்தாளர் ஆந்த்ரே பிரெத்தோன் வெளியிட்ட அறிக்கை அதை ஓர் இயக்கத்தின் பெயராக்கியது. கனவும் நனவும் ஒன்றில் ஒன்று கரைந்து முழுமையான ஒரு மெய்ம்மை பிறக்கும் என்று அவர் நம்பினார். ஆகவே இச்சொல்லின் கரு பொய்த்தோற்றம் அன்று, உயர்ந்துவிட்ட மெய்.

இதை நிழற்படக் கலைஞர் எழேன் அட்ஜேயின் ஒரு படத்தில் கண்ணாரக் காணலாம். 1912 ஏப்ரலில் சூரிய கிரகணத்தின்போது பாரிஸின் பஸ்தீல் சதுக்கத்தில் கூடி நின்ற மக்களை அவர் எடுத்தார். எல்லோரும் கண்ணில் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரே பக்கமாக அண்ணாந்து பார்க்கிறார்கள். அவர்கள் பார்க்கும் சூரியன் படத்தில் இல்லை. அட்ஜேயின் தெருவிலேயே குடியிருந்த கலைஞர் மேன் ரே வழியாக இப்படம் 1926-இல் இயக்கத்தாரின் இதழுக்கு அட்டையாயிற்று. கூட்டத்தை ஏதோ புது மதத்தில் சேர்ந்தவர்களாகக் காட்டும்படி ‘கடைசி மதமாற்றங்கள்’ என்று ஒரு தலைப்பிட்டதே போதுமாக இருந்தது. தாம் எடுப்பவை வெறும் ஆவணங்களே, தம் பெயரைப் போட வேண்டாம் என்று அட்ஜே கேட்டுக்கொண்டாராம். அந்த அடக்கத்தை நான் பெரிதும் போற்றுகிறேன்.

திரைப்பட இயக்குநர் மாயா டெரன் 1943-இல் தம் கணவருடன் சேர்ந்து எடுத்த குறும்படத்திலும் திறவுகோல், ரொட்டி வெட்டும் கத்தி, தொலைபேசி என வீட்டுப் பொருள்களே வருகின்றன. அவற்றினூடே முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி பதித்த கறுப்பு உருவம் நடந்துபோகிறது, துரத்துபவளுக்கு அது எட்டுவதே இல்லை.

இனித் தமிழுக்கு வருவோம். ‘மிகை யதார்த்தம்’ என்பதில் ‘மிகை’ அளவு கடந்ததைச் சுட்டுவதால் பொருள் திரிகிறது. ‘மீமெய்யியல்’ என்றால், ‘மெய்யியல்’ தத்துவத்துக்கு வழங்கும் பெயராகிவிட்டதால், அதன் கிளை என்று மயங்க இடமுண்டு. ‘மீ’ என்பதோ ‘மேல்’ எனப் பொருள்படும் பழந்தமிழ்ச் சொல்; ‘மீக்கூறும் மன்னன் நிலம்’ என்னும் குறளில் அது உயர்த்திச் சொல்லுதலைக் குறிக்கிறது. எனவே ‘மீமெய்ம்மை’ என்பதே தக்கது என்பேன். மெய் என்பது உண்மைக்கும் உடலுக்கும் பொதுவாக நிற்பது இக்கலைக்கு இன்னும் இசைகிறது. இயக்கத்தை ‘மீமெய்ம்மைவாதம்’ என்றும், இத்தகைய படத்தை ‘மீமெய்ப் படம்’ என்றும் எழுதலாம்.