ஓவர்டிரைவுக்கு இரண்டாவது ஆம்ப்: வாட்ஸை மட்டும் பார்க்காதீர்கள், எர்த்தில் கை வைக்காதீர்கள்

கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) பழுது பார்க்கும் என்னிடம் கிட்டார் கலைஞர்கள் அடிக்கடி கேட்பது இது: "க்ளீன் டோனுக்கு ஒரு ஆம்ப் இருக்கிறது. மேடையில் ஓவர்டிரைவுக்குத் தனியாக இன்னொன்று வேண்டும். 100 வாட் எடுக்கட்டுமா?" பெரும்பாலானவர்களுக்கு என் பதில்: வேண்டாம், சின்னதாக எடுங்கள்.

க்ளீன் டோனுக்கு வாட்ஸ் தேவை. எவ்வளவு அழுத்தி மீட்டினாலும் ஒலி உடைந்து கரகரக்கக் கூடாது. ஓவர்டிரைவில் அந்த உடைவுதான் நமக்கு வேண்டும். ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வுகளும் (ஆம்புக்குள் ஒளிரும் கண்ணாடிக் குழாய்கள்) திணறத் தொடங்கும்போதுதான் ஒலிக்கு ஒரு கனமும், விரல் அழுத்தத்துக்கு இணங்கும் குணமும் வரும். 100 வாட் ஆம்பை அந்த நிலைக்கு ஏற்றினால் சிறிய அரங்கில் யாரும் உட்கார முடியாது. வால்யூமைக் குறைத்து கெய்னை (ஆம்பின் முன்பகுதியில் சிக்னலைப் பெருக்கும் குமிழ்) மட்டும் ஏற்றினாலோ, கொசு ரீங்காரம் போல மெலிந்துவிடும். இஎல்84 வகை பவர் வால்வுகள் இரண்டு கொண்ட 15 வாட் ஆம்ப் பல மேடைகளுக்குப் போதும். அரங்கம் பெரிதென்றால் முன்னால் மைக் வைத்துக்கொள்ளலாம்.

ட்ரம்ஸுக்கு நடுவே கேட்காதோ என்று பயப்பட வேண்டாம். வாட்ஸ் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதைவிட ஸ்பீக்கரைக் கவனியுங்கள். 97 டெசிபெல் ஸ்பீக்கருக்குப் பதில் 100 டெசிபெல் உணர்திறன் (ஒரு வாட்டுக்கு எழுப்பும் சத்தம்) உள்ளதைப் போட்டால், வாட்ஸை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். ஓவர்டிரைவில் ஆம்ப் அதன் மேல் எழுதியிருப்பதைவிட அதிகமாகவே தள்ளும். 15 வாட் ஆம்புக்கு 30 வாட்டாவது தாங்கும் ஸ்பீக்கர் வேண்டும். அப்புறம், ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை மீட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து போகலாம்.

ஆம்பைக் காலுக்கு நேராக வைக்காமல் உங்கள் காதை நோக்கிச் சாய்த்து வையுங்கள். சத்தத்தைத் தேவையில்லாமல் ஏற்ற மாட்டீர்கள். 100 டெசிபெல் ஒலியை நாளுக்கு 15 நிமிடத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு.

சரி, ஆம்ப் வாங்கியாயிற்று. ஒரே கிட்டாரை இரண்டு ஆம்பிலும் இணைத்ததும் 'ம்ம்ம்' என்று ஹம் வரும். இரண்டு ஆம்புகளும் ப்ளக் வழியாக எர்த்தில் சேர்ந்திருக்கின்றன. கிட்டார் கேபிளின் ஷீல்டும் (உள் ஒயரைச் சுற்றியுள்ள உலோக வலை) அவற்றைச் சேர்த்துவிடுவதால் ஒரு வளையம் உருவாகிறது. இதற்குப் பலர் செய்யும் வைத்தியம், ஒரு ஆம்பின் எர்த் பின்னை வெட்டிவிடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஹம் போய்விடும், உண்மைதான். ஆனால் அந்த ஆம்புக்கு மிஞ்சும் எர்த், கேபிளின் மெல்லிய ஷீல்டு மட்டுமே. அது அறுந்தாலோ அந்த ஆம்பின் பக்கம் கேபிளைக் கழற்றினாலோ அதுவும் இல்லை. அதன் பிறகு உள்ளே கரண்ட் ஒயர் சேஸிஸில் (ஆம்பின் உலோகக் கூடு) பட்டால், ஆம்பைத் தொட்டபடி எர்த்தில் சேர்ந்த மைக்கில் வாய் வைக்கும் உங்கள் உடல் வழியாகத்தான் மின்சாரம் பாயும். அந்த ஆம்பில் மட்டும் கிட்டாரை மாட்டியிருந்தால் கம்பிகளைத் தொட்டாலே போதும். 1972 மே மாதம் பிரிட்டனின் சுவான்சீ நகர மேடையில் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி இறந்தது, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டதால்தான்.

சரியான வழி, கிட்டார் சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் பெட்டி; அதன் ஒரு அவுட்புட்டிலாவது, ஒயர் தொடர்பில்லாமல் சிக்னலை மட்டும் கடத்தும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்க வேண்டும். இரண்டு ப்ளக்குகளின் எர்த்தும் அப்படியே இருக்கும், சிக்னல் வழியில் மட்டும் வளையம் அறுந்துவிடும். ஆம்புக்கு ஒதுக்கும் பணத்தில் இதற்கும் சேர்த்தே ஒதுக்குங்கள். இரண்டையும் ஒரே பவர் போர்டில் செருகுங்கள்.

இரண்டையும் சேர்த்து மீட்டும்போது அடிநாதம் மெலிந்தால் ஃபேஸ் எதிரெதிராக இருக்கலாம், அதாவது ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கலாம். ஸ்ப்ளிட்டரில் ஃபேஸ் சுவிட்ச் இருந்தால் மாற்றிப் பாருங்கள். இல்லையென்றால் ஆம்பை அணைத்துவிட்டு ஒரு ஸ்பீக்கரின் இரு ஒயர்களை இடம் மாற்றுங்கள். இதற்காகவே, புது ஆம்பைப் பார்க்கப் போகும்போது உங்கள் க்ளீன் ஆம்பையும் கொண்டு போய், இரண்டையும் மேடை அளவு சத்தத்தில் சேர்த்து மீட்டிப் பார்த்து வாங்குங்கள்.